அப்பாவின் பாத்தியில் சோடியம் அணு கிடையாது

போன ஐப்பசியில் அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு நாளாகவே பேச்சு குழறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, இறந்துபோன என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கவாதமோ என்று பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. சோடியம்தான் 118க்கு வந்திருக்கு" என்றார். 135க்கும் 145க்கும் நடுவில் இருக்க வேண்டிய எண் அது.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். தண்ணீர் கட்டுவதில் தொடங்கி, கணக்குப்பிள்ளைக்கு உதவியாக நின்று, கடைசியில் பாத்திகளை மேற்பார்வை பார்க்கிறவராக ஓய்வு பெற்றார். கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உப்புலயே கெடந்தவனுக்கு உப்பு கொறஞ்சு போச்சுன்னு சொல்லுதாவ, கேட்டியாட்டி?"

ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்ட மாத்திரையால் வந்தது என்று டாக்டர் விளக்கினார். உப்பு குறைந்துவிட்டது என்பதைவிட, இருக்கிற உப்புக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்பதே இந்த மாதிரி நேரங்களில் பெரும்பாலும் பொருந்தும். 118 என்பது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்கிற அளவு; மோல் என்பது அணுக்களையும் அயனிகளையும் எண்ணும் ஓர் அலகு, மில்லிமோல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராமில் சொன்னால், ஒரு லிட்டர் ரத்தநீரில் 3.2 கிராம் இருக்க வேண்டிய சோடியம் 2.7 கிராமாக இருந்திருக்கிறது. அரை கிராம் வித்தியாசம். அதற்குள் ஒரு மனிதர் தன் மகளைத் தங்கையென்று நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக்கூடப் பையோடு நேராக வார்டுக்கு வந்தாள். தாத்தாவைப் பார்த்தாள், கட்டிலில் தொங்கிய தாளைப் படித்தாள். அப்புறம் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சன்னமான குரலில் கேட்டாள்: "அம்மா, சோடியத்தைத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும்னு எங்க மிஸ் சொன்னாங்க. தாத்தா ரத்தத்துல அது எப்படிம்மா சும்மா இருக்கு?"

நான் வேதியியல் படித்தவள். பதினைந்து வருஷமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். 'அது அயனி, இது அணு' என்று உடனே பதில் வந்துவிட்டது. அவளும் தலையாட்டினாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்குள் போகவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த இரவு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே ஒரு கோணல் இருப்பது பிடிபட்டது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் நிரம்பிய ஒரு பாட்டிலில் சோடியம் கிடந்தது. ஆசிரியர் இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து, பிளேடால் நறுக்கிக் காட்டினார். கொழுக்கட்டை மாவை வெட்டுவதுபோல வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் வெள்ளிபோல மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. மிளகு அளவு ஒரு துணுக்கைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது மூழ்கவில்லை. சோடியம் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. சட்டென்று உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு தண்ணீர்மேல் அங்குமிங்கும் ஓடியது. சோடியம் உருக 98 டிகிரி வெப்பம் போதும். தண்ணீரோடு வினைபுரியும்போது அந்தச் சூடு தானாகவே வந்துவிடுகிறது. ஓடி முடிந்ததும், காரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பினாஃப்தலீனைத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். தொட்டி முழுக்க ரோஸ் நிறம் பரவியது.

அந்தப் பாட்டிலில் இருந்தவை சோடியம் அணுக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் 11 புரோட்டான்; சுற்றி 11 எலக்ட்ரான், 2, 8, 1 என்ற வரிசையில். கடைசியில் தனித்து நிற்கிற அந்த ஒன்றுதான் எல்லாக் கலாட்டாவுக்கும் காரணம். தண்ணீர்மேல் சீறி ஓடியதெல்லாம் அந்த ஒரு எலக்ட்ரானை இழக்கும்போது நடந்த கூத்து. இழந்து முடித்ததும் தொட்டியில் சோடியம் எங்கேயும் போய்விடவில்லை. அப்படியே தண்ணீரில்தான் இருந்தது, 11 புரோட்டானோடும் 10 எலக்ட்ரானோடும். இனி அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. எரிவதற்கு அதனிடம் மிச்சமில்லை. ஒரு நேர்மின்சுமை மட்டும் உண்டு. அதுதான் சோடியம் அயனி.

பெயர் ஒன்றாக இருப்பதால் இவை இரண்டும் ஒரே பொருளின் இரண்டு சாயல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். குணத்தை வைத்துப் பார்த்தால் அணுவாகிய சோடியத்துக்கும் அயனியாகிய சோடியத்துக்கும் உள்ள தூரம், இரும்புக்கும் தங்கத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். உருவமே மாறிவிடுகிறது: உலோகத்தில் சோடியம் அணுவின் ஆரம் சுமார் 186 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்), எலக்ட்ரானை இழந்த அயனிக்கு 102. கிட்டத்தட்டப் பாதி. குளோரின் கதையும் இதேபோலத்தான். பச்சை கலந்த மஞ்சள் வாயுவான குளோரினை 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே போர்முனையில் திறந்துவிட்டு ஆட்களைக் கொன்றார்கள். அதே குளோரின் ஒரு எலக்ட்ரான் கூடுதலாகப் பெற்றுக் குளோரைடு அயனியாக நம் கண்ணீரிலும் வியர்வையிலும் வயிற்று அமிலத்திலும் இருக்கிறது.

சரி, இதுவரைக்கும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். கோணல் இதற்கு அடுத்த படியில் வருகிறது. "சோடியம் தன்னிடம் உள்ள ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது, இருவரும் அயனிகளாகிறார்கள், ஒன்றையொன்று ஈர்த்து உப்பாகிறார்கள்" என்று சொல்லிக்கொடுப்போம். இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்த அம்புக்குறி போடுவோம். நானே ஆயிரம் தடவை போட்டிருப்பேன். அப்பாவின் உப்பளத்தில் அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை.

தூத்துக்குடியில் உப்பு எப்படி விளைகிறது என்று பார்த்தால் இது புரியும். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ மோட்டார் வைத்து இறைத்துப் பெரிய தேக்கங்களில் விடுவார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அப்பாவின் வாயில் எப்போதும் இருந்த சொல் 'டிகிரி'. அது வெப்பத்தின் டிகிரி அல்ல. தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் போமே டிகிரி. கண்ணாடிக் குழாய்போல ஒரு மிதவை, அதைத் தண்ணீரில் விட்டால் எவ்வளவு மேலே நிற்கிறதோ அதுதான் டிகிரி. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. சுண்ணாம்புச் சத்து முதலில் படியும். 13 டிகிரிவாக்கில் தொடங்கி ஜிப்சம் இறங்கும். 25 டிகிரி வந்தபிறகுதான் உப்பு பூக்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும் என்று மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். மிதவை இல்லாமலே, தண்ணீரை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்து அப்பா டிகிரி சொல்வார். ஒன்றுக்குமேல் தவறியதை நான் பார்த்ததில்லை.

இந்தப் பயணம் முழுக்க எந்த அணுவும் எந்த அணுவுக்கும் எதையும் கொடுக்கவில்லை. இறைத்த தண்ணீரிலேயே சோடியம் அயனியாகத்தான் இருந்தது. குளோரைடும் அயனிதான். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாமே அயனிகள். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடும், 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடியமும் இருக்கும்; மற்றவை எல்லாம் சேர்ந்து நாலைந்து கிராம். தண்ணீர் நிறைய இருக்கும்வரை யாரும் யாரோடும் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகப் போக, எந்த ஜோடிக்குக் கரைசலில் இருக்க இடம் போதவில்லையோ அது முதலில் கீழே இறங்கும். அப்பா முப்பத்தெட்டு வருஷம் செய்தது அயனிகளைப் பிரிக்கும் வேலை. 25க்கும் 29க்கும் நடுவில் ஒரு கதவைத் திறந்து மூடும் வேலை.

இன்னும் பின்னால் போனாலும் கதை இதுதான். கடலுக்குச் சோடியம் பாறைகளிலிருந்து வந்தது. மழையில் கரைந்து ஆறுகளில் அடித்துக்கொண்டு வந்தது. பாறைக்குள் இருந்தபோதே அது அயனி. குளோரின் பெரும்பாலும் பூமியின் இளமைக் காலத்து எரிமலை வாயுக்களிலிருந்து, ஹைட்ரஜனோடு கூடிய வடிவில் வந்து, தண்ணீரில் பட்டதும் குளோரைடு ஆனது. சோடியம் உலோகமும் குளோரின் வாயுவும் சந்தித்து உப்பு உண்டாகும் காட்சியை நீங்கள் ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். உலகத்து உப்பில் அந்த வழியாக வந்தது ஒரு துளிகூட இருக்குமா என்பதே சந்தேகம். நடந்தது தலைகீழ்: மனிதன்தான் அயனியிலிருந்து அணுவை எடுத்தான். 1807இல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சிச் சோடியத்தை முதன்முதலாகத் தனியாகப் பிரித்தார். அதுவரை எந்த மனிதரும் சோடியம் உலோகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் எல்லா மனிதர்களும் சோடியம் அயனியைத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

சோடியம் அணுவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அடுப்படிக்குப் போகலாம். சாம்பார் பொங்கி கேஸ் அடுப்பில் வழியும்போது நீலச்சுடர் சட்டென்று மஞ்சளாகும் இல்லையா? வழிந்த உப்பில் இருந்த சோடியம் அயனிகளில் சில, சுடரின் சூட்டில் ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு, கணநேரம் அணுவாகி, மஞ்சள் ஒளியை விட்டுவிட்டுப் போகின்றன. தெருவில் முன்பு எரிந்த மஞ்சள் சோடியம் விளக்குகளுக்குள் இருந்ததும் அந்த அணுதான். மகளுக்கு இதைக் காட்டினேன். ஈர விரலில் இரண்டு கல் உப்பைப் பொடித்து ஒட்டிக்கொண்டு, சுடருக்குப் பக்கத்தில் தூவினோம். "இப்ப தெரிஞ்சதுதான் சோடியம் அணு. பாத்துக்கோ, போயிரும்" என்றேன். அவள் அதை நாலு தடவை செய்யச் சொன்னாள்.

அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அதை வார்டில் தாத்தா தூங்கும்போது சொன்னேன். 1884இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாண்டே அர்ரேனியஸ் என்ற இளைஞர் முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்பு போன்ற பொருள்கள் தண்ணீரில் கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1887இல் அதை முழு வடிவில் சொன்னார். ஆய்வேட்டுக்கு மிகத் தாழ்ந்த மதிப்பெண்தான் கிடைத்தது. கொள்கையை எதிர்த்தவர்கள் கேட்டதும் என் மகள் கேட்டதும் ஒரே கேள்வி: தண்ணீரில் சோடியம் தனியாக இருந்தால் எரியாதா? குளோரின் தனியாக இருந்தால் நாற்றம் வராதா? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதை ஜே. ஜே. தாம்சன் காட்டியதே 1897இல்தான். அணுவுக்கும் அயனிக்கும் என்ன வித்தியாசம் என்று கையில் எடுத்துக் காட்ட அர்ரேனியஸிடம் ஒன்றுமில்லை. மின்சுமை இருக்கிறது, அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

"அப்ப நான் கேட்டது முட்டாள் கேள்வி இல்லையா?" என்றாள். அந்தக் காலத்தில் பெரிய பெரிய பேராசிரியர்கள் கேட்ட கேள்வி என்றேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் தெம்பு வந்தது.

இனி அந்தக் 'கொடுக்கிறது' என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். சோடியம் மனமுவந்து எலக்ட்ரானைக் கொடுக்கிறதாம், எட்டு எலக்ட்ரான் சேர்ந்து நிறைவடைய ஆசைப்படுகிறதாம். எண்ம விதியை நான் இப்படித்தான் கதையாகச் சொல்லி வந்தேன். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வாயு நிலையில் தனித்தனியாக இருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோ ஜூல் செலவழிக்க வேண்டும். சோடியம் சும்மா கொடுப்பதில்லை, பிடுங்கத்தான் வேண்டும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது 349 கிலோ ஜூல் திரும்பி வரும். ஆக 147 கிலோ ஜூல் நட்டம். இரண்டு அணு மட்டும் வெகு தூரத்தில் நின்றுகொண்டு கொடுக்கல் வாங்கல் செய்தால் கட்டுப்படியாகாத வியாபாரம் அது.

நட்டத்தை ஈடுகட்டுவது, அயனிகள் நெருங்கிவந்து கூட்டமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றல். ஒரு மோல் உப்புப் படிகம் அப்படி அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோ ஜூல் வருகிறது. முன்னே போன 147ஐக் கழித்தாலும் பெரிய லாபம். உப்பு உப்பாக நிற்பதற்குக் காரணம் ஒரு சோடியத்துக்கும் ஒரு குளோரினுக்கும் நடுவே நடந்த தானம் அல்ல, கோடிக்கணக்கான அயனிகள் சேர்ந்து போட்ட அந்த அடுக்கு. இதைச் சொல்லாமல் வளைந்த அம்புக்குறியை மட்டும் போட்டுவிட்டுப் போனால், அயனிப் பிணைப்பு என்பதன் பாதியை விட்டுவிடுகிறோம். முக்கியமான பாதியை.

ஒரு கல் உப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் மூலை முடுக்கெல்லாம் நேராக, கனசதுரம் கனசதுரமாக இருக்கும். சிறு வயதில் அப்பா உப்புப் பாத்தியின் ஓரத்தில் உட்கார வைத்து, தண்ணீர்மேல் மிதக்கும் உப்பைக் காட்டுவார். தலைகீழாகக் கவிழ்த்த சின்னக் கோபுரம்போல, உள்ளே குழிந்து, படிப்படியாக இறங்கும். "தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கு பாரு" என்பார். அந்த நேர்க்கோடுகளுக்குக் காரணத்தை 1913இல் லாரன்ஸ் பிராக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 23. உப்புப் படிகத்தின் வழியாக எக்ஸ் கதிர்களை அனுப்பி, உள்ளே என்ன எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார். சோடியம், குளோரின், சோடியம், குளோரின் என்று மூன்று திசையிலும் மாறி மாறி, சதுரங்கப் பலகையை மேலே மேலே அடுக்கியதுபோல. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். பக்கத்து பக்கத்து அயனிகளின் மையங்களுக்கு நடுவே 282 பிக்கோமீட்டர்.

இதில் வேதியியலாளர்களை உலுக்கிய சங்கதி என்னவென்றால், அங்கே சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம்? ஆறுக்கும் சமம். அந்த ஆறில் ஒவ்வொன்றும் வேறு ஐந்து சோடியத்துக்கும் சேர்த்துப் பொது. ஜோடி பிரிக்கவே முடியாது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய, பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் உள்ள ஒரு உப்புத் துகளில் சுமார் ஆறாயிரம் கோடி கோடி சோடியம் அயனிகளும் அதே அளவு குளோரைடு அயனிகளும் இருக்கும். அத்தனையும் ஒரே அடுக்கு. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளருக்கு இது பொறுக்கவில்லை. அர்ரேனியஸின் அயனிக் கொள்கையையும் விடாமல் எதிர்த்தவர் அவர். 1927இல், எண்பதை நெருங்கும் வயதில், நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு 'பாவம் உப்பு' என்கிற பொருள்படும் தலைப்பில் கடிதம் எழுதினார். உப்பைச் சதுரங்கப் பலகையாக்குவது அபத்தத்தின் உச்சம், இது வேதியியலில் நியாயமான கிரிக்கெட் ஆட்டமே அல்ல என்று கோபப்பட்டார். அவர் தோற்றார். ஆனாலும் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். வாழ்நாள் முழுக்க ஒரு பொருளைக் கையாண்டவர், அதன் உருவம் மாறிப்போனதை ஏற்க முடியாமல் பேசியது அது. இன்றைக்கும் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் விடைத்தாளில் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று எழுதுகிறார்கள். NaCl என்ற வாய்பாடு சொல்வது ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற விகிதத்தை மட்டுமே.

மூலக்கூறு என்பது உண்மையிலேயே எப்படி இருக்கும் என்று காட்டுவதற்குச் சர்க்கரையே போதும். ஒரு சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், மொத்தம் 45 அணு. எது யாருடையது என்று சந்தேகமே கிடையாது. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. டீயில் கரைத்தாலும் 45 அணுவும் பிரியாமல் ஒரே மூலக்கூறாகத்தான் நீந்தும். உப்பு கரைந்தால் அந்தக் கோட்டையே கலைந்து தனித்தனி அயனியாகப் போய்விடும். வீட்டில் சோதித்துப் பார்த்தோம். ஒன்பது வோல்ட் பேட்டரி, தகுந்த தடையோடு சேர்த்த ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, இரண்டு பென்சில் முனை. சர்க்கரைத் தண்ணீரில் முக்கினால் விளக்கு எரியவில்லை. உப்புத் தண்ணீரில் எரிந்தது. ஒரு முனையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாசனை லேசாக வந்தது. கடலில் அயனியாகவே காலம் கழித்த குளோரைடு, எலக்ட்ரானை விட்டுவிட்டுக் குளோரினாக மாறிய வாசனை. ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு நிமிஷத்துக்குள் நிறுத்திவிட்டோம். எங்கள் பக்கத்துச் சாகுபுரத்தில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்களே, அந்த ஆலையின் வேலையும் அடிப்படையில் இதுதான்.

எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பை 1916இல் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். அதே வருஷம் ஜெர்மனியில் வால்தர் கோசல் அயனிப் பிணைப்பை விளக்கினார். லூயிஸ் சொன்னதற்கு ஆங்கிலத்தில் இன்று புழங்கும் பெயரை 1919இல் வைத்தவர் இர்விங் லாங்மியூர். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது சகப்பிணைப்பு. கல்லூரியில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தோழியின் பழைய நோட்டில் 'பங்கீட்டு வலுப் பிணைப்பு' என்று இருந்தது. எலக்ட்ரான் அவளுக்கு இலத்திரன், தனிமம் மூலகம், சேர்மம் சேர்வை, இணைதிறன் வலுவளவு. அப்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது எனக்கு அந்தப் 'பங்கீட்டு வலு' என்பதே பிடித்திருக்கிறது. என்ன நடக்கிறது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. டியூஷனில் சகப்பிணைப்பு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் இதையும் எழுதிவைக்கிறேன். தேர்வுக்கு ஒன்று, புரிவதற்கு ஒன்று.

அயனி என்ற சொல்லைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன், புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகியவர், பின்னாளில் டேவியின் உதவியாளர். கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்வாயை, அதாவது கரைசலில் முக்கிய மின்முனையை, நோக்கி நகர்கிறவற்றுக்கு ஒரு பெயர் வேண்டுமென்று 1834இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். 'போய்க்கொண்டிருப்பது' என்று பொருள். அந்த ஒலியைத்தான் நாம் அயனி ஆக்கிக்கொண்டோம். அந்தக் கிரேக்க வினைச்சொல்லும், 'அயனம்' என்ற வடசொல்லின் வேரும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் 'செல்லுதல்' என்றே பொருள். தை மாதம் பிறந்தால் உத்தராயணம் என்கிறோமே, சூரியன் வடக்கு நோக்கிச் செல்வது, அந்த அயனம். இதை முதன்முதலாகச் சொன்னபோது என் பிள்ளைகளில் ஒருவன், "அப்ப அயனின்னா நடந்துபோறவன்" என்றான். அதைவிட நல்ல வரையறை எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கரும்பலகையில் அதுதான் வரையறை.

ஒரே பொருளுக்குள் இரண்டு பிணைப்பும் இருப்பதைக் கேட்டால் அயோடின் உப்புப் பாக்கெட்டைக் காட்டுவேன். அதில் அயோடினை அப்படியே கலப்பதில்லை. பொட்டாசியம் அயோடேட் கலக்கிறார்கள், ஈரக்காற்றில் அது நிலைத்து நிற்கும் என்பதால். அயோடேட்டுக்குள் ஓர் அயோடினும் மூன்று ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு இணைந்தவை. அந்த நால்வர் குழு முழுவதும் சேர்ந்து ஓர் எதிர் அயனி. அதற்கும் பொட்டாசியம் அயனிக்கும் நடுவே இருப்பது அயனி ஈர்ப்பு.

இரண்டாம் நாள் இரவு அப்பாவுக்கு 3 சதவீத உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வழக்கமாக ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி வேகமாக விடக்கூடாது, சோடியத்தை அவசரப்பட்டு உயர்த்தினால் மூளைக்கு ஆபத்து என்று செவிலியர் மணிக்கொருதரம் வந்து சொட்டுகளை எண்ணிப் பார்த்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்தார்கள். 118, 121, 124. மூன்றாம் நாள் காலை அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காபி கேட்டார். பேத்தி வந்ததும் பாட்டிலைக் காட்டி, "அதுல என்னம்மா இருக்கு?" என்றார்.

"உப்புத் தண்ணி தாத்தா. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும்."

அவர் அந்தப் பாட்டிலை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எத்தன டிகிரி இருக்கும்?" என்று கேட்டார்.

போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடர்த்தி 1.02. "மூணு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மியாப்பா."

"மூணு டிகிரின்னா கடல் தண்ணில்லா. கடல் தண்ணியவா ஏத்துதாவ எனக்கு?" என்றார். கையில் ஊசி இருந்த பக்கத்தை மறந்து, இன்னொரு கையை நீட்டி, பாட்டிலின் வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.